மூன்று வாரங்களில் மாறிப்போன பிள்ளை: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு வயது 4. மூன்று வாரங்களாக, காரணம் எதுவும் தெரியாமல், திடீரென்று வீறிட்டுக் கத்துகிறான். கையில் அகப்பட்டதை எறிகிறான். பாட்டியின் கையைக் கடித்துவிட்டான். இரண்டு இரவுகளில் கண்களைத் திறந்தபடியே அலறியிருக்கிறான், அப்போது உங்களையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. மாமியார் கண்ணேறு என்கிறார், கணவர் ரோத்தானை, அந்தப் பிரம்பை, கையில் எடுத்துவிட்டார், பாலர் பள்ளி ஆசிரியை சில நாள்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டு பார்க்கும் நீங்கள், வேலையை விட்டுவிட வேண்டுமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. பினாங்குத் தீவில் தாய்-சேய் கிளினிக்குகளில் 27 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியவற்றில் என் கண் நின்ற சொல் ‘திடீரென்று’ என்பதுதான். ஒன்று முதல் நான்கு வயது வரை பிள்ளைகள் அடம்பிடித்து அழுது புரள்வது சாதாரணம். இரண்டு, மூன்று வயதில் அது உச்சத்தில் இருக்கும். ஆசையை அடக்கி நிறுத்தும் மூளையின் முன்பகுதி அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, வாயில் சொற்களும் போதாது. பெரும்பாலும் சில நிமிடங்களில், அதிகம் போனால் கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். பேச்சு வந்து, அடம் குறைய வேண்டிய நான்கு வயதில், அதுவரை அமைதியாக இருந்த பிள்ளை மூன்றே வாரங்களில் மாறியிருக்கிறான் என்றால், அதைப் பிறவிக் குணம் என்றோ செல்லம் கொடுத்த பலன் என்றோ சொல்ல முடியாது, ஏனென்றால் அவை மூன்று வாரங்களில் முளைப்பவை அல்ல. அவன் உடம்பிலோ, மருந்திலோ, தூக்கத்திலோ, இடத்திலோ, அவனைப் பார்த்துக்கொள்ளும் ஆளிலோ ஏதோ ஒன்று புதிதாக நுழைந்திருக்கிறது. உடம்பிலிருந்து தொடங்கித் தேடுங்கள் என்பேன். பார்ப்பதற்கு எளிதும் அதுதான், பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான்.

ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் நான் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். அவனுக்கும் நான்கு வயது. இரண்டு மாதங்களாக மாலையில் பேய் பிடித்தவன்போல் கத்துகிறான் என்று மூன்று இடங்களுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள், அதில் ஒன்று மந்திரிக்கும் இடம். அவன் அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில், ஒவ்வொரு முறையும் மணி என்ன, அதற்கு முன் அரை மணி நேரம் என்ன நடந்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதி வாருங்கள். பத்து நாள் கழித்து அவர் கொண்டுவந்த பக்கத்தில் இப்படி இருந்தது: ‘5.50 மைலோ, ரொட்டி. 6.10 கத்தல், ரிமோட்டை எறிந்தான். 8.15 சோறு. 8.40 கதவை உதைத்தான்.’ மறுநாளும் ஏறக்குறைய அப்படியே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் சாப்பிட்ட பிறகும் அப்படியே. வீட்டார் அதுவரை மாலை நேரத்தைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். நோட்டு சாப்பாட்டைக் காட்டியது.

உணவு இரைப்பையை நிரப்பியதும் பெருங்குடல் சுருங்கத் தொடங்கும், அரை மணி நேரத்துக்குள் மலம் கழிக்கும் உணர்வு வரும். அந்தப் பையன் அதை அடக்கிக்கொண்டிருந்தான். புதிய பாலர் பள்ளியில் குந்தி உட்காரும் கழிப்பறை, எப்போதும் ஈரத்தரை. அவனோ வீட்டில் நாற்காலிபோல் உட்காரும் கழிப்பறைக்குப் பழகியவன். சில நாள் அடக்கியதில் மலம் இறுகி, ஒரு முறை வலியோடு வந்தது. அதன்பின் வீட்டிலும் அடக்கத் தொடங்கிவிட்டான். திரைச்சீலைக்குப் பின்னால் போய், கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று முகம் சிவப்பதைப் பார்த்தவர்கள் அவன் முக்குகிறான் என்று நினைத்தார்கள். உண்மையில் அவன் வெளியே விடாமல் இறுக்கிக்கொண்டிருந்தான். இறுகிய மலத்தைச் சுற்றி உள்ளாடையில் கசிந்திருந்ததை வயிற்றுப்போக்கு என்று எண்ணிப் பாட்டி கடுங்காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் வயிற்றைத் தொட்டதும் கட்டி போன்று இறுகிய மலம் கையில் தட்டுப்பட்டது. மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் பாகு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்து நிமிடம் கழிப்பறையில் உட்காருதல், கால் தொங்காமலிருக்கக் கவிழ்த்த வாளி ஒன்று, இவ்வளவுதான் சிகிச்சை. மருந்தை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருந்தது, ஆனால் கத்தல் இரண்டு வாரங்களில் பெருமளவு குறைந்துவிட்டது.

உங்கள் மகனுக்கும் அதுவேதான் என்று நான் சொல்லவில்லை. அந்த நோட்டை நீங்களும் இன்றிரவே தொடங்க வேண்டும் என்கிறேன். நீங்கள் வேலையில் இருக்கும்போது மாமியார் எழுதட்டும். எழுத வராவிட்டால் மணியைப் பார்த்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பட்டும். ‘காரணமே இல்லாமல்’ என்ற சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள். அது முடிவு; உங்களுக்கு வேண்டியது விவரம். சாப்பிட்டது, குடித்தது, தூங்கிய நேரம், மலம் போனானா, யாரோடு இருந்தான், எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி அடங்கியது. இரண்டு வாரப் பக்கங்கள் சேர்ந்தால், வீட்டில் இருப்பவர்களைவிட வெளியாள் ஒருவர் அதில் ஒழுங்கைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்.

உடம்பில் பார்க்க வேண்டிய மற்றவை சில உண்டு. படுக்கும்போது கத்தல் கூடுகிறது, பகலில் நிமிர்ந்து விளையாடும்போது குறைகிறது என்றால் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்காது அழற்சியின் வலி படுத்தால் கூடும். வலியில்லாமலே காதுக்குள் நீர் தேங்கிக் கேட்கும் திறன் மங்கிப்போன பிள்ளையும் உண்டு; கூப்பிட்டால் திரும்பாத, தொலைக்காட்சி ஒலியைக் கூட்டச் சொல்லுகிற அந்தப் பிள்ளையைச் ‘சொல்பேச்சுக் கேட்காதவன்’ என்று எத்தனை வீடுகளில் அடித்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு புரண்டால் கீரிப்பூச்சி. பெண் புழு முட்டையிட இரவில்தான் வெளியே வரும், தூக்கம் கெட்ட பிள்ளை மறுநாள் முழுவதும் எரிந்து விழுவான். மருந்தை வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி சாப்பிட வேண்டும். குறட்டை விட்டு, வாயைத் திறந்து தூங்கி, இடையில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பாருங்கள்; வீங்கிய டான்சில் தொண்டையில் மூச்சுப் பாதையை அடைத்தால் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவன் தூங்காதவனே. சொத்தைப் பல்லையும் இரும்புச் சத்துக் குறைவையும் மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

மருந்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நான் கேட்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு அவனுக்கு ஏதாவது புதிய மருந்து தொடங்கினார்களா? புகைமூட்டக் காலத்தில் நம் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு இளைப்பு (ஆஸ்துமா) மருந்து எழுதித் தருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சால்பியூட்டமோல் கொடுத்தபின் சில மணி நேரம் கை நடுங்கி, படபடப்பாகத் திரியும் பிள்ளைகள் உண்டு. பிரெட்னிசோலோன் கொடுக்கும் நாள்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் வரலாம். ஒவ்வாமைக்கும் இளைப்புக்கும் இரவில் கொடுக்கப்படும் மொண்டெலுகாஸ்ட் என்ற மருந்துக்கு, மனநிலையிலும் நடத்தையிலும் கடுமையான மாற்றங்கள் வரக்கூடும் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தன் மிக வலுவான எச்சரிக்கையைச் சேர்த்தது. கெட்ட கனவும் ஆவேசமும் அந்தப் பட்டியலில் உள்ளவை. அவனுக்கு அது போய்க்கொண்டிருந்தால் அடுத்த பார்வை நாள்வரை காத்திராமல் உடனே எழுதிக்கொடுத்த மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். இளைப்பு மருந்துகளை யாரையும் கேட்காமல் நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். இதற்கு நேரெதிராக, எல்லாரும் முதலில் பழிபோடுவது இனிப்பின் மேல். 1995 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. பல்லுக்காக இனிப்பைக் குறையுங்கள், ஆனால் பதிலை அங்கே தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

அந்த இரண்டு இரவுகள் உங்களை மிகவும் பயமுறுத்தியிருக்கின்றன. தூங்கி ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள், கண் திறந்திருந்தும் விழிக்காமல், வியர்த்து அலறி, சிறிது நேரத்தில் தானே மறுபடி தூங்கி, காலையில் எதுவும் நினைவில்லாமல் எழுந்தால் அது பெரும்பாலும் இரவுப் பயம் எனப்படும் நிலை; ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதியில் வெளியே வருவது. அப்போது அவனைக் குலுக்கி எழுப்பக் கூடாது, எழுப்பினால் குழப்பம் கூடும். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருங்கள், போதும். தூக்கம் போதாத பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வரும். ஆனால் ஒரே இரவில் பலமுறை வந்தாலோ, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான அசைவோடு சில நொடிகளில் தொடங்கி முடிந்தாலோ, உடம்பு விறைத்து எச்சில் வழிந்தாலோ அது வலிப்பாக இருக்கலாம். கைப்பேசியில் காணொளிப் படம் எடுத்து வையுங்கள். பதட்டத்தில் படம் எடுப்பது கல்நெஞ்சு போலத் தோன்றும், ஆனால் மருத்துவருக்கு உங்கள் வர்ணனையைவிட அந்த அரை நிமிடப் படம் அதிகம் சொல்லும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பகலில் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டும் பதில் இல்லாமல் போவது, காலையில் தலைவலியோடு வாந்தி, நடை தள்ளாடுவது, முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோவது, அடங்காத தாகமும் எடைக்குறைவும் நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவதும். இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனை. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999. தொண்டை அழற்சி வந்துபோன பிறகு, பிள்ளை ஓரிரு நாளுக்குள் தலைகீழாக மாறி, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது, கண் முகம் வெட்டி இழுப்பது என்று தொடங்கினால், அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோவும் உடன் பணியாற்றியவர்களும் 1998 இல் விவரித்த அரிய நிலை ஒன்று உண்டு. அதன் எல்லைகளைப் பற்றி மருத்துவர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. உங்கள் விவரத்தில் அதன் சாயல் இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் தொண்டை வலி இருந்ததா என்பதை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இனி உடம்புக்கு வெளியே. உங்கள் ஷிப்டு எப்போது மாறியது? நீங்கள் சொல்லவில்லை, ஆனால் இரவு வேலை தொடங்கியிருந்தால் மகனின் இரவும் மாறியிருக்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. அம்மா வரும்வரை விழித்திருப்பேன் என்று பாட்டியின் கைப்பேசியோடு பதினொரு மணிவரை உட்கார்ந்திருக்கும் பிள்ளை, பாலர் பள்ளி வேன் காலை ஆறரைக்கு வந்தால், எட்டு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டான். பள்ளியிலும் அவன் உழைக்கிறான்: வீட்டில் தமிழ், ஆசிரியையிடம் மலாய், பக்கத்துப் பையனோடு ஆங்கிலம். மூன்று மொழி கேட்டால் பேச்சு வராது என்பது தவறு. அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை எந்த மொழியில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நாள் முழுதும் அடக்கி உட்கார்ந்திருந்தவன், வேனிலிருந்து இறங்கியதும் தனக்குப் பத்திரமான ஆளிடம்தான் உடைவான். அந்த ஆள் உங்கள் வீட்டில் பாட்டி. கடித்தது அவரைப் பிடிக்காமல் என்று அவர் வருந்த வேண்டாம்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். இந்த மூன்று வாரங்களில் அவனைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யாராவது மாறினார்களா, புதிய வேன், புதிய உதவியாளர், வீட்டில் தங்க வந்த உறவினர்? குளிக்கவோ உடை மாற்றவோ திடீரென்று பயப்படுகிறானா, ஒருவரைக் கண்டால் ஒளிகிறானா, உடம்பில் விளக்க முடியாத தழும்பு உண்டா? இருந்தால் ‘அவர் அடித்தாரா’ என்று வாயில் சொல்லைப் போட்டுக் கேட்காதீர்கள். ‘வேனில் என்ன நடந்தது, சொல்லு தம்பி’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள், அவன் சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசேயில், 15999 எண்ணில், எந்த நேரமும் பேசலாம். நம் மலேசியாவில் 2001 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி, இப்படிப்பட்ட சந்தேகம் எழுந்தால் தெரிவிக்கும் கடமை மருத்துவருக்கும் பராமரிப்பாளருக்கும் குடும்பத்தாருக்கும் உண்டு.

கத்தல் நடக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். கனமான பொருள்களையும் மற்றப் பிள்ளைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அவன் உயரத்துக்குத் தரையில் உட்காருங்கள். பேச்சைக் குறையுங்கள், ‘அம்மா இங்கேதான் இருக்கிறேன்’ என்ற ஒரு வரி போதும். ‘ஏன் இப்படிச் செய்கிறாய்’ என்ற கேள்விக்கு அந்த நிமிடத்தில் அவனிடம் பதில் இல்லை, பெரியவர்களிடமே இருப்பதில்லை. சாலையில் ஓடவோ தலையைச் சுவரில் மோதவோ போனால் மட்டும் பின்னாலிருந்து அணைத்துப் பிடியுங்கள். கத்தலை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுத்துப் பழக்கியிருந்தால், கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாள்கள் கத்தல் முன்பைவிடக் கூடும்; அந்த நாள்களில் பாட்டி மனமிரங்கி ஒரு முறை கொடுத்துவிட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். எனவே தொடங்கும் முன் வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சுக்கு வாருங்கள். அடங்கியதும் தண்ணீர் கொடுத்து, மடியில் வைத்து, எறிந்த பொருள்களை அவனோடு சேர்ந்து பொறுக்கி வையுங்கள். உபதேசம் அன்றைக்கு வேண்டாம்.

மளிகைக் கடையில் வண்ணப் பிடியோடு தொங்கும் அந்த ரோத்தான் எங்கள் வீட்டிலும் இருந்தது, நானும் வாங்கியிருக்கிறேன். உங்கள் கணவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: காது வலியில் கத்தும் பிள்ளையை அடித்தால் கத்தல் நிற்கலாம், வலி நிற்காது, அப்பா முன்னால் அடக்கிக்கொண்டு, பள்ளியில் இன்னொரு பிள்ளையைக் கடிப்பான். காரணம் தெரியும்வரை ரோத்தான் அலமாரிக்கு மேலேயே இருக்கட்டும் என்று இரண்டு வாரத் தவணை கேளுங்கள். தவணை என்றால் ஆண்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். திருநீறு பூசுவதாலும் கோயிலுக்குக் கூட்டிப்போவதாலும் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை, பாட்டியின் பதட்டம் தணிந்தால் வீடும் தணியும். மிளகாயைச் சுற்றி நெருப்பில் போடும்போது மட்டும் அவனை வேறு அறையில் வைத்திருங்கள்; இளைப்பு உள்ள பிள்ளைக்கு அந்தக் கார்ப்புகை ஆகாது. மந்திரித்த கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் இடுப்பில் கட்டச் சொல்லுங்கள், கழுத்தில் இருந்தால் தூக்கத்தில் இறுக்கிவிடும். அதற்காக மருத்துவரைப் பார்க்கும் நாள் தள்ளிப்போகக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

தொழிற்சாலை ஒப்பந்தம் செய்து அனுப்பும் பேனல் கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் காய்ச்சல் மருந்து எழுதித் தந்து அனுப்பிவிடுவார்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள், கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). நோட்டையும், பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும், கொடுக்கும் எல்லா மருந்துப் புட்டிகளையும், கைப்பேசிப் படத்தையும் கொண்டுபோங்கள். காது, தொண்டை, பல், வயிறு இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கத்தல் ஒரு நாளில் பலமுறை வந்து, 25 நிமிடத்துக்கு மேல் நீடித்து, தன்னையே காயப்படுத்திக்கொண்டால், குழந்தை நல நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். முறை வர மாதக்கணக்கில் ஆகலாம், ஆகையால் பெயரை முதலில் பதிந்துவிட்டுப் பிறகு காத்திருங்கள். ஆட்டிசமா என்று இணையத்தில் தேடியிருப்பீர்கள். கண் பார்த்துப் பேசி, பொம்மையை வைத்துக் கதை கட்டி விளையாடிய பிள்ளை நான்கு வயதில் மூன்றே வாரங்களில் மாறுவது அதன் வழக்கமான தொடக்கம் அல்ல. ஆனாலும் அவன் இரண்டு வயதில் எப்படி இருந்தான் என்பதை மருத்துவர் கேட்பார், பழைய காணொளிகள் இருந்தால் எடுத்து வையுங்கள். பாலர் பள்ளி ஆசிரியையிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: அங்கே அவன் கழிப்பறைக்குப் போகிறானா, கூப்பிட்டால் திரும்புகிறானா.

வேலையைப் பற்றி. இப்போது விட வேண்டாம். காரணம் காதிலோ வயிற்றிலோ இருந்தால், வேலையை விட்டாலும் கத்தல் தொடரும், வருமானம் மட்டும் போயிருக்கும். 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி நீங்கள் முதலாளியிடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். 60 நாள்களுக்குள் அவர் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுத உட்காரும்போது நோட்டின் இரண்டு வாரப் பக்கங்கள் பக்கத்தில் இருந்தால், எந்த நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்பது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.